வெள்ளிக்கிழமை வாத்து

பாட்டில் பச்சை நிறக் கார் பட்டறை வாசலில் வந்து நின்றபோது, ஊரே ஸ்பேனர் என்று கூப்பிடும் பெண் பிஸ்கெட்டை டீயில் நனைத்துக்கொண்டிருந்தாள். யார் வண்டி என்று தெரிந்த அதிர்ச்சியில் கை ஒரு விநாடி தாமதித்தது. பிஸ்கெட் உடைந்து டம்ளருக்குள் முங்கிப்போனது.

"அண்ணி! திங்கட்கிழமை டிஸ்சார்ஜ் ஆன பேஷண்ட் திரும்பி வந்திருக்கு. சொந்தக்காரரும் கூடவே வந்திருக்காரு. முகத்தைப் பாத்தா பூங்கொத்து குடுக்க வந்த மாதிரி தெரியலை."

அண்ணி கையைத் துணியில் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். ஒரு வண்டி அதே வியாதியோடு அவளிடம் திரும்பி வருவது இதுதான் முதல் தடவை. எதிரே இருக்கும் சலூன்காரர் கத்தரிக்கோலை அந்தரத்தில் நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார். அவர் பார்த்துவிட்டால் மதியச் சாப்பாட்டுக்குள் மூன்று தெருவுக்குத் தெரிந்துவிடும். அண்ணிக்கு அதுவும் தெரியும்.

அண்ணி என்றால் ஸ்பேனருக்குத்தான் அண்ணி. அண்ணன் கப்பலில் சமையல்காரர். வருஷத்தில் ஒரு மாதம் வீட்டில் இருப்பார், அந்த ஒரு மாதமும் பட்டறைக்குள் அவருக்கு அனுமதி கிடையாது. மீதி பதினோரு மாதம் அண்ணி, நாத்தனார் ராஜ்ஜியம்தான். கூப்பிட்டுக் கூப்பிட்டு, அவளைவிட இருபது வயது மூத்தவர்களுக்கும் அவள் அண்ணி ஆகிவிட்டாள். மற்ற மெக்கானிக்குகள் பானெட்டைத் திறப்பார்கள். அண்ணி முதலில் ஓட்டுகிறவரைத் திறப்பாள். எஞ்சினுக்குப் பொய் சொல்லத் தெரியாது, அதனால் அவசரமில்லை என்பது அவள் கட்சி. போன மாதம் தானாக அடித்த ஹார்ன் கேஸில் வண்டியைத் தொடாமலே மாமியாரைப் பிடித்தவள்.

"எரியுதும்மா," என்றார் காரிலிருந்து இறங்கியவர். "அதே வாத்து."

ஹெட்மாஸ்டர். ஓய்வு பெற்றுப் பதினோரு வருஷம் ஆகிறது. ஆனால் அந்தச் செய்தியை இன்னும் யாரும் அவரிடம் சொல்லவில்லை போலத்தான் நடப்பார். ஊரில் பாதிப் பேர் அவரிடம் படித்தவர்கள், மீதிப் பேர் அவரிடம் படித்தவர்களைக் கல்யாணம் செய்துகொண்டவர்கள். ஸ்பேனரே அவர் வகுப்பில் பெஞ்சு மேல் நின்றவள்தான். ஸ்பீடோமீட்டருக்குப் பக்கத்தில் மஞ்சளாக எரியும் அந்தச் சின்னப் படம் எஞ்சினைக் குறிக்கிறது என்று வண்டியோடு வந்த புத்தகம் சொல்கிறது. ஹெட்மாஸ்டர் கண்ணுக்கு அது வாத்து. அவர் வாத்து என்று சொன்ன பிறகு வேறு யார் கண்ணுக்கும் அது எஞ்சினாகத் தெரியவில்லை.

நாலு மாதமாக அந்த வாத்து மூன்று பட்டறைகளுக்குத் தண்ணி காட்டியிருந்தது. முதல் பட்டறை ஒரு சென்சாரை மாற்றியது. இரண்டாவது, குழாய்களை மாற்றிப் பெட்ரோல் டேங்க்குக்குப் புது மூடியும் போட்டது. மூன்றாவது மெக்கானிக் கொஞ்சம் தத்துவ ஞானி. வாத்து மேல் ஒரு துண்டு கறுப்பு டேப்பை ஒட்டி, "பாத்தாத்தானே சார் கவலை," என்று அனுப்பிவிட்டார். நாலாவதாக அண்ணி. அவள் ஸ்கேனரைப் போட்டுப் பார்த்ததில், டேங்க்கிலிருந்து கிளம்பும் பெட்ரோல் ஆவி எஞ்சினுக்குப் போகாமல் வழியில் எங்கேயோ கசிகிறது என்று தெரிந்தது. புகையை உள்ளே செலுத்திப் பார்த்தாள். ஒரு இழை புகைகூட வெளியே வரவில்லை. விளக்கை அணைத்து அனுப்பினாள். அது திங்கட்கிழமை.

"எப்ப சார் எரிஞ்சுது?" என்றாள் அண்ணி.

"இன்னிக்குக் காலையில."

"இன்னிக்கு வெள்ளி."

"வெள்ளிதான். யார் அணைச்சாலும் அது எப்பவும் வெள்ளிக்கிழமைதான் திரும்பி வரும்."

அண்ணி அப்படியே நின்றாள். "இதை ஏன் சார் போன தடவையே சொல்லலை?"

"நீ கேக்கலையே. கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் எழுதணும். எக்ஸ்ட்ரா எழுதினா மார்க் கிடையாது."

"வெள்ளிக்கிழமை மட்டும் வருதுன்னா அது சென்சார் கோளாறு இல்லை அண்ணி, பேய்," என்றாள் ஸ்பேனர். "அதுவும் லீவு எடுக்காம வேலைக்கு வர்ற பேய்."

ஹெட்மாஸ்டர் சிரிக்கவில்லை. பழைய நாளாக இருந்தால் அவளை வெளியே நிறுத்தியிருப்பார். இப்போது சத்தமில்லாமல் பானெட் மேல் கை வைத்துக்கொண்டார். "ஞாயித்துக்கிழமை பொண்ணு வரா. போன தடவை வந்தப்ப இதைப் பாத்துட்டா. அடுத்த தடவையும் எரிஞ்சா வண்டி பழைய இரும்புக் கடைக்குப் போகணும்னு சொல்லிட்டா. நடு ரோட்டுல நின்னுடுமாம், எங்க ரெண்டு பேருக்கும் வயசாச்சாம். ஆளுக்குக்கூட சொல்லி வச்சாச்சு. எரிஞ்சா சாவியை நானே குடுத்துடறேன்னு வாக்கு குடுத்திருக்கேன்."

"ஏன் சார் குடுத்தீங்க?"

"எரியாதுன்னு நினைச்சேன்." குரல் கொஞ்சம் இறங்கியது. "பத்தொன்பது வருஷம்மா. லைப்ரரிக்கு, பல் டாக்டருக்கு, வீட்டுக்காரியோட தங்கச்சி வீட்டுக்கு... எல்லாத்துக்கும் இதுதான். இது போச்சுன்னா நான் ஜன்னல் பக்கம் உட்காந்து தெருவுக்கு அட்டெண்டென்ஸ் எடுக்கணும்."

அண்ணி அவரைப் பார்த்தாள், பச்சைக் காரைப் பார்த்தாள், பிறகு ஓட்டுநர் இருக்கையின் கதவைத் திறந்து விட்டாள். "உட்காருங்க சார். காலையில வண்டியை எடுக்கும்போது என்னென்ன செஞ்சீங்களோ, எல்லாத்தையும் அப்படியே செய்ங்க."

"நடிக்கணுமா?"

"பிராக்டிகல்னு நினைச்சுக்குங்க."

அது வேலை செய்தது. ஹெட்மாஸ்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். பெல்ட் போட்டார். சாவியைத் திருகினார். பிறகு நடுக் கண்ணாடியை இரண்டு விரலால் மேலே தூக்கினார். உடனே, தப்பு செய்துவிட்டவர் போலத் திருப்பி இறக்கினார். "இப்ப தேவையில்லை, சரியாத்தான் இருக்கு. காலையில இறங்கியிருந்துச்சு. அது அடிக்கடி தானா இறங்கிடும். வயசாச்சுல்ல."

அண்ணி உள்ளே குனிந்து கண்ணாடியை அசைத்தாள். அசையவில்லை. கட்டை விரலால் அழுத்தித் தள்ள வேண்டியிருந்தது. பத்தொன்பது வயதில் அந்த வண்டியிலேயே உறுதியான பாகம் அதுதான் போல. ஸ்பேனர் பக்கம் திரும்பிப் புருவத்தை உயர்த்தினாள். ஸ்பேனர் புருவத்தை இறக்கினாள். அவர்களுக்குள் அதுதான் குறிப்பேடு.

"வேற ஏதாவது தொந்தரவு உண்டா சார்? இழுவை குறையுதா, சத்தம் வருதா?"

"ஒண்ணும் இல்லை. சொல்லப்போனா..." ஹெட்மாஸ்டர் முகத்தில் முதல் முறையாக வெளிச்சம் வந்தது. "வாத்து வந்ததுக்கு அப்புறம் மைலேஜ் கூடியிருக்கு! சனிக்கிழமை சனிக்கிழமை டேங்க்கை நிரப்பி, கிலோமீட்டரை ஜீரோ பண்ணிடுவேன். அடுத்த சனிக்கிழமை நிரப்பும்போதுதான் பாப்பேன். நடுவுல பாக்க மாட்டேன், ரிசல்ட்டுக்கு முன்னாடி மார்க் பாக்கறது தப்பு. முன்னாடி லிட்டருக்குப் பதினொண்ணு ஓடும். இப்ப பதினஞ்சு! செஸ் கிளப்புல ஒருத்தரும் நம்ப மாட்டேங்கறாங்க."

"நானும் நம்பலை சார்," என்றாள் அண்ணி மரியாதையாக.

வண்டியைச் சுற்றிப் பின்பக்கம் போனாள். பெட்ரோல் டேங்க்கின் சின்னக் கதவைத் திறந்தாள். மூடியை இரண்டு விரலால் தொட்டுத் திருப்பினாள். சத்தமே இல்லாமல் கழன்று கையோடு வந்துவிட்டது. திரும்ப வைத்து முறுக்கினாள். டக். டக். டக்.

"கேட்டியா ஸ்பேனரு?"

"மூணு டக்."

"திங்கட்கிழமை நானே மூணு டக் கேக்கிற வரைக்கும் மூடினேன். இப்ப ஒரு டக் கூட இல்லாம வருது. மூடி நல்ல மூடி, புது மூடி. அதனாலதான் யாரும் அதைச் சந்தேகப்படலை. நம்ம பட்டறையில புகை விட்டப்பவும் கசியலை, ஏன்னா மூடினது நான். இது இங்க கசியாது, அவங்க வீட்டுலதான் கசியும்." அண்ணி ஹெட்மாஸ்டரிடம் திரும்பினாள். "திங்கள்ல இருந்து இதை யார் சார் திறந்தது?"

"யாரும் இல்லை. சனிக்கிழமைதான் பெட்ரோல். அதையும் பங்க்ல இருக்கறவன் போட்டு அவனே மூடிடுவான். என் பழைய ஸ்டூடண்ட், கணக்குல வீக், ஆனா கை சுத்தம். என் கை அந்த மூடி மேல பட்டதே இல்லை."

ஸ்பேனர் டம்ளரைக் கீழே வைத்தாள். இந்த மாதிரி நேரத்தில் அவளுக்கு மூக்கு நுனி வியர்த்துவிடும். "திருட்டு! பெட்ரோல் திருட்டு அண்ணி! வாரம் வாரம் எவனோ வந்து டேங்க்கைத் திறந்து, குழாயைப் போட்டு உறிஞ்சிட்டு, அவசரத்துல மூடியைச் சரியா மூடாமப் போறான்."

"உறிஞ்சினா மைலேஜ் குறையும்."

"ஆமா."

"கூடியிருக்கு."

"ஆமா..." ஸ்பேனரின் ஆள்காட்டி விரல் நீட்டியபடியே நின்றுவிட்டது.

"அப்ப யாரோ உறிஞ்சலை. ஊத்தறாங்க."

சலூனில் கத்தரிக்கோல் மறுபடி நின்றது.

"பெட்ரோலை ஊத்திட்டுப் போற திருடனா?" என்றாள் ஸ்பேனர். "அண்ணி, அந்த ஆள் கிடைச்சா போலீஸ்ல குடுத்துடாதீங்க. நம்ம வீட்டு விலாசத்தைக் குடுத்து அனுப்புங்க."

*

ஹெட்மாஸ்டர் வீட்டு கேட், காரை விட ஒரு ஜாண்தான் அகலம். உள்ளே நுழையும்போது மூன்று பேரும் மூச்சை இழுத்துக்கொண்டார்கள், அதனால் வண்டி ஒல்லியாகிவிடும் என்பது போல. வண்டியின் இடது பக்கம் ஒரு நீளக் கீறல். "பக்கத்து வீட்டுப் பூனை," என்றார் ஹெட்மாஸ்டர், கேட்காமலே. கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறவர் இப்படிக் கேட்காததற்குச் சொன்னதை ஸ்பேனர் குறித்துக்கொண்டாள்.

தகரக் கூரை போட்ட ஷெட். பக்கத்து வீட்டிலிருந்து தையல் மெஷின் கடகடவென்று ஓடும் சத்தம் வந்தது. கார் நின்றதும் அதுவும் நின்றது.

"வீட்டுல நீங்க இல்லாத நேரம் எது சார்?" என்றாள் அண்ணி.

"செவ்வாய், வியாழன் காலையில செஸ். பக்கத்துத் தெருதான், நடந்தே போயிடுவேன். பத்துல இருந்து ஒரு மணி வரைக்கும்."

"அப்ப வண்டி?"

"இங்கதான், ஷெட்டுல. அவளும் வீட்டுலதான் இருப்பா. வேற யாரும் உள்ளே வந்தா அவளுக்குத் தெரியாமப் போகுமா?"

"போகாது," என்றாள் அண்ணி, ரொம்ப யோசித்து. "நான் வண்டிக்குள்ளே கொஞ்சம் பாக்கறேன். ஸ்பேனரு, நீ உள்ளே போய் அம்மாவுக்கு டீ போட ஒத்தாசை பண்ணு."

ஒத்தாசை என்றால் மோப்பம். ஸ்பேனருக்கு அது கைவந்த கலை. யார் வீட்டுச் சமையலறையாக இருந்தாலும் இரண்டு நிமிஷத்தில் டப்பாக்களின் ஜாதகம் வரைக்கும் வந்துவிடுவாள்.

ஹெட்மாஸ்டரின் மனைவி சின்ன உருவம். கையில் கரண்டி, முகத்தில் நல்ல வரவேற்பு, பார்வை மட்டும் ஜன்னல் வழியாக ஷெட் பக்கம். "வாம்மா, வா. மறுபடியும் எரியுதா அது? உங்க அண்ணி கண்டுபிடிச்சுட்டாங்களா? என்ன சொல்றாங்க? ஞாயித்துக்கிழமைக்குள்ள அணைஞ்சுடும் இல்ல?"

ஒரு மூச்சில் நாலு கேள்வி. கவலைப்படுவதில் அவர் கணவரையே மிஞ்சிவிட்டார் என்று ஸ்பேனர் நினைத்தாள். "கிட்டத்தட்ட வந்துட்டோம்மா. சக்கரை எங்க? இதுவா?" என்று டப்பாவைத் தூக்கினாள்.

மூடி மட்டும் கையோடு வந்தது. டப்பா தரையில் விழுந்து உருண்டு, சமையலறை முழுக்க ஒரு வெள்ளைப் பாதை போட்டுவிட்டு அடுப்படியில் போய் நின்றது.

"ஐயையோ! மூடியைப் பிடிச்சா தூக்கினே? இந்த வீட்டுல எதையும் மூடியைப் பிடிச்சுத் தூக்கக் கூடாதும்மா!"

"இல்லைம்மா, இந்த டப்பாதான் சரியா மூடாம..." என்றபடி ஸ்பேனர் ஒதுங்கப் போனாள். முழங்கை உப்பு ஜாடியில் பட்டது. அதன் மூடியும் தட்டு போலச் சுழன்று விழுந்தது. அவள் ஒரு கணம் அசையாமல் நின்றாள். பிறகு, ஒரு விரலால் மிளகு டப்பாவைத் தொட்டுப் பார்த்தாள். லொடலொட. டீத்தூள். லொடலொட. பிஸ்கெட் டப்பா, எண்ணெய் பாட்டில், தண்ணீர் பாட்டில். அந்தச் சமையலறையில் ஒரு மூடியும் இறுக்கமாக இல்லை. எல்லாம் மரியாதைக்கு மேலே உட்கார்ந்திருந்தன. குழாய்கூட முழுசாக மூடாமல், கீழே வைத்த வாளியில் சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருந்தது. குழாய்க்கு மேலே சுவரில் ஒரு அட்டை. சாய்ந்த, அழகான, கண்டிப்பான கையெழுத்து:

'இறுக்கித் திருகாதீர். மரை தேயும்.'

"இது..." என்றாள் ஸ்பேனர்.

"அவர் எழுதினது." அம்மாள் துடைப்பத்தை எடுத்துச் சர்க்கரையைக் கூட்டினார். "கல்யாணமான புதுசுல ஒரு ஜாம் பாட்டிலை நல்லா இறுக்கி மூடிட்டேன். அவரால திறக்க முடியலை. அதைப் பத்தி நாப்பது நிமிஷம் பேசினாரு. முழுசா ஒரு பீரியட். அதோட சரி. முப்பத்தெட்டு வருஷமா நான் எதையும் இறுக்கி மூடினதில்லை. மெதுவா ஒரு சுத்து, அவ்வளவுதான். கைக்கு அதுவே பழகிப்போச்சு."

மெதுவாக ஒரு சுற்று. ஸ்பேனருக்கு மூக்கு நுனி வியர்த்தது.

வாசற்படியில் நிழல் விழுந்தது. அண்ணி உள்ளங்கையை விரித்துக் காட்டிக்கொண்டு வந்தாள். அதில் சிவப்பு, நீலம், ஆரஞ்சு என்று நாலைந்து நூல் துண்டுகள். ஷெட் மூலையில் கவிழ்த்து வைத்திருந்த பூந்தொட்டிக்கு அடியில் கிடைத்த ஒரு புனல் இன்னொரு கையில். சமையலறைக்குப் பெட்ரோல் வாசனை வந்தது.

"அம்மா," என்றாள் அண்ணி குரலைத் தாழ்த்தி, "சார் தோட்டத்துல இருக்காரு, கேக்காது. பக்கத்து வீட்டுத் தையல்காரம்மாகிட்ட கார் இருக்கா?"

"இ... இல்லையே."

"அவங்க நூல் மட்டும் உங்க கார்ல முன் சீட்டுல உட்காந்து ஊர் சுத்துது. ஓட்டறவங்க சீட்டுல இல்லை, பக்கத்து சீட்டுல. அப்ப ஓட்டினது யாரு? நடுக் கண்ணாடியைக் கீழே இறக்கிப் பாக்கற அளவுக்குக் குள்ளமான யாரோ. ஒவ்வொரு செவ்வாயும் வியாழனும். சார் பெட்ரோல் முள்ளைப் பாத்து வச்சிருப்பாருன்னு, ஓடின பெட்ரோலைத் திரும்ப ஊத்தி வைக்கிற யாரோ. கொஞ்சம் தாராளமாவே ஊத்திடற யாரோ."

ஸ்பேனர் சேர்த்துக்கொண்டாள்: "அப்புறம் மூடியை மெதுவா ஒரே ஒரு சுத்து சுத்தற யாரோ."

அம்மாள் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தார். முகத்தில் ஈயாடவில்லை. பிறகு, ஆச்சரியமாக, அதில் ஒரு சின்னச் சிரிப்பு வந்தது.

"எட்டு மாசம் முன்னாடியே லைசென்ஸ் வாங்கிட்டேன்," என்றார். "முதல் தடவையே பாஸ். நாலு மாசமா, தையல்காரம்மா தச்ச துணியைக் கடைகளுக்குக் கொண்டு போகணும், நான் ஓட்டுவேன், பெட்ரோல் அவங்க கேன்ல வாங்கிட்டு வருவாங்க. பங்க்குக்குப் போக முடியாதே, அங்க அவரோட ஸ்டூடண்ட். அவன் பாத்தா முதல்ல இவர்கிட்டதான் சொல்லுவான்."

"சார்கிட்ட ஏம்மா சொல்லலை?"

"முப்பது வருஷம் முன்னாடி ஒரு தடவை, எனக்கும் ஓட்டக் கத்துக்குடுங்கன்னு கேட்டேன். மாமா வண்டியில. அஞ்சே நிமிஷம். என்னை பானெட் மேல நிக்க வைக்காத குறை." குரல் மாறியது. "இப்ப அவருக்கு எதிர்ல வர்ற வண்டி சரியாத் தெரியலைம்மா. கேட்டுல இடிச்சுட்டு பூனைங்கறாரு. கண் டாக்டர்கிட்டப் போகவே ஆறு மாசம் கெஞ்ச வேண்டியிருக்கு. ஒரு நாள் அவரால ஓட்ட முடியாமப் போகும். அன்னிக்கு இந்த வண்டி இருக்கணும், நான் தயாரா இருக்கணும். அவ்வளவுதான் நினைச்சேன். ஆனா நான் பண்ணின வேலையே வண்டிக்கு வினையா வந்து நிக்குதே!" அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்க சொல்லிடாதீங்க. வேற ஏதாவது கோளாறுன்னு சொல்லி அணைச்சுக் குடுங்க."

அண்ணி ஜன்னல் வழியாக ஷெட்டைப் பார்த்தாள். ஹெட்மாஸ்டர் ஒரு துணியால் காரின் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அணைச்சுக் குடுக்கறேன். ஆனா பொய்யான கோளாறு சொன்னா ரெண்டாவது டேப் ஒட்டினவ நானா இருப்பேன். நான் மூடியைப் பத்திச் சொல்றேன். யார் கைன்னு சொல்ல மாட்டேன். அது உங்க இஷ்டம்."

*

அண்ணி ஸ்கேனரைச் சொருகினாள். வாத்து அணைந்தது. ஹெட்மாஸ்டர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, அணைந்த இடத்தை உற்றுப் பார்த்தார்.

"குற்றவாளி கிடைச்சாச்சு சார்," என்றாள் அண்ணி.

"யாரு?"

"நீங்க."

"நானா!"

"சுவத்துல எழுதி வச்சிருக்கீங்களே, இறுக்கித் திருகாதீர்னு. குழாய்க்கு அது சரியோ என்னவோ, இந்த மூடிக்கு ஆகாது. இது மூணு டக் கேக்கிற வரைக்கும் இறுக்கணும். இல்லைன்னா ஆவி கசியும், ரெண்டு தடவை ஓட்டிப் பாத்துட்டு வாத்து எரியும்."

"ஆனா நான்தான் அந்த மூடியைத் தொடவே இல்லைன்னு..." ஹெட்மாஸ்டர் நிறுத்தினார். நாற்பது வருஷம் மற்றவர்களின் தப்பைக் கண்டுபிடித்த மூளை. மெதுவாக வண்டி கிளம்புவது முகத்தில் தெரிந்தது. "இந்த வீட்டுல என்னைத் தவிர... அந்த அட்டையைப் படிச்சுக் கேக்கறது..."

"நான்தான்," என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

அம்மாள் படியில் நின்றிருந்தார். கையில் ஒரு சின்ன அட்டை. லைசென்ஸ். பரீட்சை பேப்பரைக் கையெழுத்துக்கு நீட்டுவது போல நீட்டினார்.

ஹெட்மாஸ்டர் அதை வாங்கி முன்பக்கம் படித்தார். பின்பக்கம் படித்தார். தேதியைக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் படித்தார். தையல் மெஷினின் சத்தம் இன்னும் வரவில்லை. பக்கத்துச் சுவருக்கு மேலே ஒரு கொண்டை மட்டும் தெரிந்தது.

"ரிவர்ஸ்?" என்றார் கடைசியில்.

"எடுப்பேன்."

"இந்த கேட் வழியாவா?"

"வாரம் ரெண்டு தடவை. ஒரு கீறல் கிடையாது." அம்மாள் வண்டிப் பக்கம் கையைக் காட்டினார். "இடது பக்கம் இருக்கற கீறல் நான் போட்டது இல்லை. பூனையும் இல்லை."

ஸ்பேனர் ஸ்கேனரின் வயரைச் சுற்ற ஆரம்பித்தாள். ஏற்கெனவே சுற்றியிருந்ததை அவிழ்த்துவிட்டு மறுபடி சுற்றினாள். இப்படிப்பட்ட இடத்தில் கைக்கு ஏதாவது வேலை வேண்டும்.

"எனக்குத் தெரியும்," என்றார் ஹெட்மாஸ்டர் மெதுவாக. கேட்டைப் பார்த்தார். "கொஞ்ச நாளாவே அந்தத் தூண் எனக்கு ரெண்டாத் தெரியுது."

"அதுக்குத்தான் கத்துக்கிட்டேன். உங்களைத் தள்ளி உட்கார வைக்க இல்லை. வண்டியை யாரும் எடுத்துட்டுப் போகாம இருக்கணும்னுதான்."

அவர் லைசென்ஸைத் திருப்பிக் கொடுத்தார். பிறகு திடீரென்று முகம் வெளிறியது. "அப்ப... லிட்டருக்குப் பதினஞ்சு?"

"அது நான் ஊத்தினது."

இதுதான் உண்மையில் அடித்தது. முப்பத்தெட்டு வருஷத்து மனைவி ரகசியமாக வண்டி ஓட்டியதைத் தாங்கியவர், ஷெட் தூணைப் பிடித்துக்கொண்டார். "செஸ் கிளப்புல நான் என்ன சொல்லுவேன்?"

"கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுங்க சார்," என்றாள் ஸ்பேனர்.

ஹெட்மாஸ்டர் அவளை முறைத்தார். பெஞ்சு மேல் ஏற்றப் போகிறார் என்று ஸ்பேனர் நினைத்தாள். அவர் நேராகச் சமையலறைக்குப் போனார். திரும்பி வந்தபோது கையில் சுவர் அட்டை. பேனாவை எடுத்து, கீழே ஒரு வரி சேர்த்தார்: 'பெட்ரோல் மூடி நீங்கலாக.' தோற்றுப்போவதிலும் அவருக்கு ஒரு இலக்கணம் உண்டு.

"கண் டாக்டர்கிட்ட திங்கட்கிழமை போகலாம்," என்றார் மனைவியிடம், அட்டையிலிருந்து கண்ணை எடுக்காமல். "நீயே கூட்டிட்டுப் போ. நான் பக்கத்துல உட்காந்து எப்படி ஓட்டணும்னு..."

"உட்காரலாம்," என்றார் அம்மாள். "ஆனா நான் கேட்டா மட்டும்தான் பேசணும். சம்மதமா?"

ஹெட்மாஸ்டர் உலகத்தில் யாருக்கும் இப்படி ஒரு வாக்கு கொடுத்ததில்லை. தலையை ஆட்டினார், அரைக் கால் அங்குலம்.

*

ஞாயிற்றுக்கிழமை பட்டறைக்கு விடுமுறை. ஆனாலும் அண்ணியும் ஸ்பேனரும் பதினோரு மணியிலிருந்து வாசலில் நின்று, சுத்தமாக இருந்த தரையைப் பெருக்கிக்கொண்டிருந்தார்கள். எதிரே சலூன்காரர், யாரும் உட்காராத நாற்காலிக்குப் பின்னால் கத்தரிக்கோலுடன் நின்றார்.

தெருமுனையில் பச்சை தெரிந்தது.

ஸ்டீயரிங்குக்குப் பின்னால் அம்மாள், ஒரு தலையணை உயரத்தில். பக்கத்தில் ஹெட்மாஸ்டர், கைகளைக் கட்டி, உதட்டை இறுக்கி, முதல் வரிசையில் உட்கார்ந்த ஒழுங்கான மாணவன் போல. பின் சீட்டில் மகள். இரும்புக் கடைக்காரரைக் கூப்பிட எடுத்த போன் கையிலேயே இருந்தது, வாய் மட்டும் திறந்திருந்தது.

கார் பட்டறை வாசலில் நின்றது. அம்மாள் இறங்கிப் பின்பக்கம் போனார், டேங்க் மூடியைத் திறந்து மறுபடி மூடினார். டக். டக். டக். நிமிர்ந்து அண்ணியைப் பார்த்தார். அண்ணி தலையசைத்தாள். மகள் ஜன்னல் வழியாக எட்டிக் கேட்டாள், "நிஜமாவே இனிமே எரியாதா?"

"இந்த மூடியை உங்கம்மா இப்படியே மூடிட்டு இருந்தா எரியாது," என்றாள் அண்ணி. "வண்டிக்கு வயசாச்சும்மா, ஆனா வியாதி இல்லை. ஓட்டவும் ஆள் இருக்கு."

மகள் அம்மாவைப் பார்த்தாள். கண்ணாடியைச் சரியாக வைத்துக்கொண்டு பெல்ட் போடும் அம்மாவை அதற்கு முன்னால் அவள் பார்த்ததில்லை. போனைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். "சரி. லைப்ரரி வழியாப் போங்கம்மா," என்றாள். "நானும் ஒரு சுத்து வர்றேன்."

வண்டி இடது பக்கம் திரும்பி, நேரான பெரிய ரோட்டில் ஏறியது. வாத்து எரியவில்லை. ஆனால் பின்னால் இடது பக்க இண்டிகேட்டர் டிக் டிக்கென்று அடித்துக்கொண்டே போனது. ஒரு கடை தாண்டியது, இரண்டு கடை தாண்டியது, திருப்பமே இல்லாத ரோட்டில் சந்தோஷமாகக் கண் சிமிட்டிக்கொண்டே போனது. ஹெட்மாஸ்டரின் பின்னந்தலை மட்டும் தெரிந்தது. அது ரொம்ப விறைப்பாக இருந்தது.

"ஐயோ, அணைக்க மறந்துட்டாங்க," என்றாள் அண்ணி. "பரவால்ல, சார் பக்கத்துலதானே இருக்காரு. சொல்லிடுவாரு."

ஸ்பேனர் துடைப்பத்தின் மேல் முகவாயை வைத்துக்கொண்டாள்.

"எப்படி அண்ணி சொல்லுவாரு? அம்மா இன்னும் கேக்கலையே."